குடையின் நிழல் விழும் இடம்

பூச்சி, நீயே துணை

அனுப்புநர்
ப. தனம்,
க/பெ. பஞ்சநாதன்,
ஏரிக்கரைத் தெரு,
விக்கிரமங்கலம்,
அரியலூர் மாவட்டம்.

பெறுநர்
உயர்திரு மாவட்ட ஆட்சித் தலைவர் அவர்கள்,
மாவட்ட ஆட்சியர் அலுவலகம்,
அரியலூர்.

பொருள்: ஏரிக்கரை வளைவில் ஒரு நாள் அந்தியில் சிறிது நேரம் வண்டிகளை நிறுத்தி, சாலையின் நடுவில் நான் இருந்து பார்க்க உத்தரவு கேட்பது – அங்கே தொங்கும் கறுப்புத் தகரப் பூவை அதுவரை அகற்றாமல் இருக்கக் கேட்பது – நான் சாகப் போனதாக எழுதியிருப்பதை அடித்துவிடக் கேட்பது – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

1. மனுவின் உச்சியில் சாமி பெயர் எழுதுவது வழக்கம். நானும் எழுதியிருக்கிறேன். ஆனால் அது சாமி பெயர் இல்லை. என் ஒரே மகள் பூவிழியை வீட்டில் பூச்சி என்றுதான் கூப்பிடுவோம். தவழ்கிற வயதிலேயே விளக்கைக் கண்டால் விடமாட்டாள், அதை நோக்கிப் போய்க்கொண்டே இருப்பாள். அதனால் வந்த பெயர். சென்ற வைகாசியில் அவள் இறந்துபோனாள். இந்த மனு அவளைப் பற்றியது. அதனால் துணைக்கும் அவளையே வைத்துக்கொண்டேன்.

2. நான் ஐந்தாம் வகுப்பு வரை படித்தவள். அனுப்புநர், பெறுநர், பொருள் எல்லாம் எங்கெங்கே வர வேண்டும் என்று உங்கள் அலுவலக வாசலில் மனு எழுதிக் கொடுக்கும் பெரியவர் காட்டிக் கொடுத்தார். முதலில் அவரைத்தான் எழுதச் சொன்னேன். முழுவதையும் கேட்டவர் பேனாவை மூடிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். "எம்மா, பேயி ஆவின்னு ஒரு எழுத்து இருந்தாலும் இது மேல போவாது. வெளக்கு சரியில்லன்னு மட்டும் எழுது" என்றார். இந்த மனுவில் என் வார்த்தையாக எங்கும் பேய் என்று நான் எழுதவில்லை. நடந்ததையும், மற்றவர்கள் என்னிடம் சொன்னதையும் மட்டும் எழுதுகிறேன்.

3. என் மகள் பெரம்பலூரில் கல்லூரி முடித்து, பெங்களூரில் வானத்தைப் பற்றி ஆராய்ச்சி செய்யும் ஓர் இடத்தில் சேர்ந்து படித்துக்கொண்டிருந்தாள். அவள் வேலையை அவள் எனக்குச் சொன்ன விதமாகவே சொல்கிறேன். வானத்துக்கு மேலே ஒரு தொலைநோக்கியை அனுப்புவார்கள். அதற்கு முன்னால், வெகு தூரத்தில், பூ வடிவத்தில் பெரிய கறுப்புக் குடை ஒன்றை மிதக்க விடுவார்கள். தொலைநோக்கி ஒரு நட்சத்திரத்தைப் பார்க்கும்போது குடை குறுக்கே வந்து நின்று நட்சத்திரத்தின் வெளிச்சத்தை மறைத்துக்கொள்ளும். அப்போது பக்கத்தில் மங்கலாக இருக்கிற கிரகம் தெரியும். எதிர்வெயிலில் வருகிறவர் யார் என்று பார்க்க நாம் நெற்றியில் கை வைக்கிறோமே, அது மாதிரி. இப்படி ஒன்றை இன்னும் யாரும் மேலே அனுப்பவில்லை, பேச்சிலும் படத்திலும்தான் இருக்கிறது என்று அவளே சொன்னாள்.

4. எல்லாரும் அந்தக் கிரகத்தையே நினைத்துக்கொண்டிருக்கும்போது, என் மகள் மற்றதை யோசிக்கிறவர்களோடு இருந்தாள். ஒரு நட்சத்திரத்தை விட்டு அடுத்ததற்குக் குடை நகர்ந்து போய் நிற்க வாரக் கணக்கில் ஆகுமாம். அதுவரைக்கும் அவ்வளவு பெரிய தொலைநோக்கி சும்மாவா இருக்கும் என்று கேட்டேன். "முறைத்தண்ணி நம்ம வயலுக்கு வர்ற வரைக்கும் நீ கையக் கட்டிக்கிட்டா நிக்கிற? களை எடுப்ப, வரப்பு வெட்டுவ. அதாம்மா என் வேலை" என்றாள். குடை வழியில் இருக்கும்போது வானத்தில் வேறு எதையெல்லாம் பார்க்கலாம் என்று எடுத்துச் சொல்வது. வெடித்துச் சாகிற நட்சத்திரங்கள் இருக்கின்றன. எந்தக் காலத்திலோ கிளம்பி இப்போதுதான் வந்து சேர்கிற வெளிச்சங்கள் இருக்கின்றன. குடை வந்து நின்ற பிறகும் கிரகம் மட்டும் இல்லை. நட்சத்திரத்தைச் சுற்றிக் கிடக்கும் தூசி, அதை ஒட்டியே நிற்கும் மங்கலான துணை நட்சத்திரம், நடுவில் எரிகிற வெளிச்சத்தின் கூச்சத்தில் இத்தனை நாளும் கண்ணில் படாமல் இருந்த நட்சத்திரக் கூட்டம், எல்லாம் தெரியுமாம். "கிரகமே இல்லன்னு ஆனாலும் குடை வீணாப் போவாதும்மா" என்பாள்.

அவள் அடிக்கடி சொன்ன இரண்டு விஷயத்தை ஐயா அவர்கள் மனதில் வைத்துக்கொண்டு மேலே படிக்க வேண்டும். வானத்தில் பார்க்கிறது எல்லாமே பழைய வெளிச்சம் என்பது ஒன்று. எங்கள் ஏரியைத் தோண்டினால் கல்லாகிப்போன கிளிஞ்சல் வரும். கடல் எப்போதோ போய்விட்டது, கிளிஞ்சல் கிடக்கிறது. அது மாதிரி, அனுப்பியது இல்லாமல் போனாலும் அனுப்பிய வெளிச்சம் வந்துகொண்டேயிருக்கும் என்றாள். இன்னொன்று, குடை எதையும் உண்டாக்காது, இருப்பதைத்தான் காட்டும்.

5. வைகாசியில் விடுமுறைக்கு வந்தவள், ஏரி காய்ந்து கிடப்பதைப் பார்த்ததும் அந்தக் குடையை மாதிரிக்குச் செய்து பார்க்கலாம் என்றாள். ஜெயங்கொண்டத்தில் ஒரு பட்டறையில் தகரத்தை வெட்டி, வண்டிச் சக்கரம் அகலத்துக்கு ஒரு பூ செய்து, கறுப்பு அடித்துக் கொண்டுவந்தாள். தட்டு மாதிரி வட்டமாக வெட்டாமல் எதற்கு இதழ் இதழாக என்று கேட்டேன். வட்டமாக இருந்தால் வெளிச்சம் ஓரத்தில் வழிந்து நிழலுக்கு நடுவில் வந்து கூடிவிடும், முனை கூராகப் போகிற இதழ் என்றால் அப்படிக் கூடாது என்றாள்.

நட்சத்திரத்துக்கு ஏரிக்கரை வளைவில் இருக்கும் விளக்கை எடுத்துக்கொண்டாள். எங்கள் ஊர்ச் சாலை ஏரிக்கரை மேலேயே நேராக வந்து, பழைய பஸ் ஸ்டாப் கட்டடத்துக்கு எதிரே திரும்பும். அந்தக் கட்டடத்தின் தளத்தில் ஒரு ஃபோகஸ் விளக்கு வைத்திருக்கிறார்கள். வளைவில் இருட்டாக இருக்கிறது என்று நல்லெண்ணத்தில் வைத்ததுதான். ஆனால் அது கீழே தரையைப் பார்க்கவில்லை. நேரே பார்க்கிறது. வருகிறவர் கண்ணில்தான் அடிக்கிறது.

கிரகத்துக்கு நான். விளக்கு எரியத் தொடங்கியதும் ஏணி வைத்துத் தளத்தில் ஏறி, விளக்குக்குப் பக்கத்தில் எங்கள் வீட்டு எவர்சில்வர் குழிக்கரண்டியைத் தலைகீழாகத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நிற்பேன். டார்ச் லைட் கொண்டுவரட்டுமா என்றதற்கு வேண்டாம் என்றுவிட்டாள். கிரகத்துக்குச் சொந்த வெளிச்சம் கிடையாதாம், நட்சத்திரத்தின் வெளிச்சத்தை வாங்கித்தான் காட்டுமாம். பூவைக் கரையில் சவுக்குக் கழியில் கட்டிவிட்டு, அவள் காமிராவோடு ஏரிக்குள் இறங்கி வெகுதூரம் போவாள். பூவின் நிழல் விழுகிற இடமாகத் தேடி நிற்பாள். கொஞ்சம் தள்ளினாலும் ஒன்றும் தெரியாது. "குடை இருந்தா மட்டும் போதாதும்மா. நாம அதோட நெழல்ல வந்து நிக்கணும்" என்றாள். வளைவில் டீக்கடை வைத்திருக்கும் ரெங்கம்மாள் கீழேயிருந்து என்னைப் பார்த்து, "என்னக்கா, லாரிக்காரனுவளுக்குச் சாம்பார் ஊத்தப் போறியா?" என்று கேட்டுச் சிரித்தாள். எனக்கும் சிரிப்பு வந்தது. ஆனால் அசையவில்லை.

அசையக் கூடாது என்பது என் மகள் போட்ட உத்தரவு. இன்னொரு உத்தரவும் உண்டு. அவ்வப்போது கரண்டியை உள்ளங்கையால் ஒரு தடவை மூடித் திறக்க வேண்டும். மங்கலாக ஏதோ ஒன்று தெரிந்தால் அது நான்தானா, இல்லை வேறு ஏதாவது பளபளக்கிறதா என்று அவளுக்குத் தெரிய வேண்டுமே. மூடினால் மறைந்து, திறந்தால் வந்தால், அது அம்மா. இதை நாங்கள் யாரிடமும் சொன்னதில்லை.

6. முதல் சில நாட்கள் ஒன்றும் சரியாக அமையவில்லை. கடைசி நாள் நான் மூடித் திறந்ததும், ஏரிக்குள்ளிருந்து "தெரியுதும்மா" என்று கத்தினாள். அவ்வளவு சந்தோஷமாக அவள் கத்தி நான் கேட்டதில்லை. அதை நேரில் சொல்வதற்கு என்னிடம் ஓடி வந்திருக்கிறாள். என்னிடம் வர வேண்டுமானால் கரை ஏறிச் சாலையைத் தாண்ட வேண்டும். அந்த விளக்குக்குப் பக்கத்தில் நிற்பவளுக்குக் கீழே எல்லாமே கறுப்பு. நான் எதையும் பார்க்கவில்லை. சத்தம்தான் கேட்டேன். முதலில் ஒரு சத்தம், அதற்குப் பிறகு பிரேக் சத்தம். ஆட்கள் ஓடினார்கள். நான் அசையவில்லை. நகரலாம் என்று அவள் சொல்லவில்லையே. பதிலுக்கு ஒன்றும் வரவில்லையே என்று இன்னொரு தடவை கரண்டியை மூடித் திறந்தேன். ரெங்கம்மாள் ஏணியில் ஏறி வந்து என் மணிக்கட்டைப் பிடித்த பிறகுதான் இறங்கினேன். அந்தக் கரண்டி எங்கே விழுந்தது என்று தெரியவில்லை. பிறகு தேடியவர்களுக்கும் கிடைக்கவில்லை.

விளக்குதான் தெரிந்தது, வேறு எதுவும் தெரியவில்லை என்று லாரி ஓட்டியவர் சொன்னார். அவர் சொன்னது உண்மை என்றே நினைக்கிறேன். அந்த வழக்கு தனியாக நடக்கிறது. அதைப் பற்றி இந்த மனுவில் எதுவும் கேட்கவில்லை.

7. கருமாதி அன்று என் கணவரின் பெரியப்பா மகன் சாமிதுரை, மாட்டுக்கொட்டகையில் சாத்தியிருந்த தகரப் பூவைப் பார்த்துவிட்டார். "யப்பா, எம்மாம் பெரிய திருஷ்டிப் பூவு. அந்த வளைவுல கட்டினா இன்னொரு உசுரு போவாது" என்றார். நான் தலையாட்டினேன் என்கிறார்கள். எனக்கு நினைவில்லை. வளைவுக்குக் கொஞ்சம் முன்னால் சாலையோரம் இரும்புக் குழாய் நட்டு, பூவைச் சாலைப் பக்கம் நீட்டித் தொங்கவிட்டார்கள். எலுமிச்சம்பழமும் மிளகாயும் கோத்துக் கட்டினார்கள். அத்தோடு விட்டிருக்கலாம். "மூஞ்சி இல்லாத திருஷ்டி எந்த ஊர்ல இருக்கு?" என்று சொல்லி, பூதம் வரைய வெள்ளைப் பெயின்ட் வாங்கி வந்தார் சாமிதுரை. நான் ஓடிப் போய்த் தடுத்தேன். நிழல் விழுகிற பக்கம் வெள்ளை பட்டால் அதுவும் பளபளக்கும், கறுப்பாகத்தான் இருக்க வேண்டும் என்று பூச்சி சொல்லியிருக்கிறாள். கடைசியில் விளக்கைப் பார்க்கும் பக்கம் பூதத்தை வரைந்துகொள்வது என்று முடிவானது. இப்போது பூதம் விளக்கை முறைத்துக்கொண்டிருக்கிறது. சாலைப் பக்கம் அவள் அடித்த கறுப்பு அப்படியே இருக்கிறது.

8. பூ கட்டிய பிறகு அந்த வளைவில் ஓர் ஆடுகூட அடிபடவில்லை. திருஷ்டி வேலை செய்கிறது என்று ஊரில் சொல்கிறார்கள். ஆனால் லாரி ஓட்டுகிறவர்கள் ரெங்கம்மாள் கடையில் டீ குடிக்கும்போது வேறு ஒன்று பேசிக்கொள்கிறார்கள் என்று அவள் வந்து சொன்னாள். நேர்ச்சாலையில் சின்ன மதகு ஒன்று இருக்கிறது. அந்த மதகைத் தாண்டும்போது ஒரு கணம் பூ விளக்கை முழுதாக மறைத்துக்கொள்கிறதாம். கண் கூச்சம் போய் எதிரே எல்லாம் துலக்கமாகத் தெரிகிறதாம். அப்போது பஸ் ஸ்டாப் தளத்தின் மேல் விளக்குக்குப் பக்கத்தில் ஒரு பெண் நிற்கிறாளாம். கையைத் தூக்கிப் பிடித்திருக்கிறாளாம். ஏதோ நிறுத்தச் சொல்கிறாள் என்று இவர்கள் பிரேக்கில் காலை வைக்கிறார்கள். மதகைத் தாண்டியதும் விளக்கு மறுபடியும் கண்ணில் அடிக்கிறது, வேறு ஒன்றும் தெரிவதில்லை.

சுண்ணாம்புக்கல் லாரி ஓட்டும் மணிவண்ணன் என்பவரை நானே நேரில் பார்த்துக் கேட்டேன். "கையில என்னமோ மினுக்குன்னு இருக்குதும்மா. அதை ஒருவாட்டி மூடிட்டுத் தொறக்குறாங்க" என்றார். நான் கடை பெஞ்சில் உட்கார்ந்துவிட்டேன். சின்னப் பெண்ணா என்று கேட்டேன். "சின்னப் புள்ளையா பெரிய பொம்பளையான்னு சொல்லத் தெரியலம்மா. ரொம்பப் பொறுமையா நிக்கிறாங்க. அதான் சொல்ல முடியும்" என்றார்.

கரண்ட் போய் அந்த ஃபோகஸ் விளக்கு எரியாத நாட்களில் அந்த வழியாக வந்தவர்களையும் விசாரித்தேன். அன்றைக்கெல்லாம் யாரும் எதையும் பார்க்கவில்லை. நட்சத்திரம் அணைந்தால் கிரகமும் தெரியாது என்று அவள் சொன்னதை அப்போது நினைத்துக்கொண்டேன்.

9. நானும் பார்த்துவிட வேண்டும் என்று மணிவண்ணன் லாரியில் ஏறிப் போனேன். க்ளீனர் சீட்டில் உட்கார்ந்திருந்தேன். மதகு வந்ததும், "அந்தா, அந்தா, பாத்தீங்களாம்மா?" என்றார். எனக்கு விளக்குதான் தெரிந்தது. பூ பக்கத்தில் தள்ளித் தொங்கியது. நிழல் அவர் சீட்டில்தான் விழுகிறது, என் சீட்டில் விழவில்லை. வண்டியை அங்கே நிறுத்துங்கள், நான் உங்கள் இடத்தில் உட்கார்ந்து பார்க்கிறேன் என்றேன். "இங்க நிறுத்தினா பின்னால வர்றவன் நம்ம ரெண்டு பேரையும் அந்தப் பொம்பளைக்கிட்டயே அனுப்பி வச்சிடுவான்" என்றார். அவர் சொன்னதும் சரிதான். ஏரிக்குள் பூச்சி நின்ற இடத்துக்குப் போகலாம் என்றால், பூவின் இடம் மாறிவிட்டது, மழைக்குப் பிறகு அங்கே ஆள் முங்கும் தண்ணீரும் நிற்கிறது. பூவின் நிழல் விழுகிற இடம் இப்போது அந்தச் சாலையின் நடுவில், லாரி ஓட்டுபவர் கண் உயரத்தில், அந்த ஓர் இடம்தான்.

இன்னொன்றும் எழுத வேண்டும். அதை எழுதாதே என்று ரெங்கம்மாள் சொல்கிறாள். கார்த்திகையில் ஒரு நாள் அந்தியில் யாருக்கும் சொல்லாமல் ஏணி வைத்து அந்தத் தளத்தில் ஏறினேன். அன்று நின்ற அதே இடத்தில், வெறுங்கையோடு நின்றேன். பக்கத்தில் யாரும் இல்லை. இருந்தால் தெரியாமல் போகுமா, கை நீட்டினால் எட்டுகிற இடம். நீட்டியும் பார்த்தேன். தளத்தின் சூடுதான் காலில் இருந்தது. இறங்கி வீட்டுக்கு வந்துவிட்டேன். மறுநாள் நான் ரெங்கம்மாள் கடைக்குப் பால் ஊற்றப் போனபோது மணிவண்ணன் அங்கே இருந்தார். நான் மேலே ஏறியது அவருக்குத் தெரியாது. "நேத்து ரெண்டு பேரு நின்னாங்கம்மா. ஒருத்தங்க கையில ஒண்ணும் இல்ல" என்றார்.

10. அதற்குப் பிறகுதான் தை மாதத்தில் முக்காலியைத் தூக்கிக்கொண்டு போய் மதகுக்கு நேரே நடுச்சாலையில் போட்டு ஏறி நின்றேன். லாரி ஓட்டுபவர் கண் உயரம் வர வேண்டும் என்பதற்காக முக்காலி. ஆனால் வழக்கமாக வண்டி குறைவாக இருக்கும் நேரத்தில் அன்று வண்டி வந்துவிட்டது. ரெங்கம்மாள் என்னை இழுத்துத் தள்ளினாள். "ஒனக்கு என்னாக்கா கிறுக்கா புடிச்சிருக்கு? முக்காலி போட்டு ஏறி நின்னு லாரியப் பாக்குறதுக்கு அது என்ன தேரா?" என்று அழுதுகொண்டே திட்டினாள். காவல் நிலையத்தில், மகள் போன துக்கத்தில் தற்கொலைக்கு முயன்றேன் என்று எழுதிக்கொண்டு எச்சரித்து அனுப்பினார்கள். அவர்கள் மேல் எனக்குக் குறை ஒன்றும் இல்லை, பார்க்கிறவர்களுக்கு அப்படித்தான் தோன்றும். ஆனால் ஐயா, நான் சாகப் போகவில்லை. பார்க்கப் போனேன். செத்துவிட்டால் எப்படிப் பார்ப்பது?

என் கணவர் பஞ்சநாதன் அன்றிலிருந்து அந்தி வந்தால் என்னை வாசல் தாண்ட விடுவதில்லை. அவருக்கும் மகள்தானே, அவர் பயம் அவருக்கு. என்னைச் சிறுவாச்சூருக்குக் கூட்டிப்போய் அம்மன் முன்னால் நிறுத்தினார். அங்கே திங்களும் வெள்ளியும்தான் நடை திறப்பார்கள். மற்ற நாட்களில் அம்மன் மலைக்குப் போய்விடுவாள் என்பார்கள். நடை சாத்தியிருக்கும் நாளில் அம்மன் இல்லை என்று யாராவது சொல்கிறார்களா? நான் அதைத்தான் கேட்டேன். அவர் குங்குமத்தை எடுத்து என் நெற்றியில் வைத்துவிட்டார்.

வீட்டில் சும்மா இருக்கிறேன் என்று நினைக்க வேண்டாம். சோளம் ஒடித்தேன். கடலைக்குக் களை எடுத்தேன். மாடு கன்று போட்டது, பார்த்துக்கொள்கிறேன். குடை வழியில் இருக்கும்போது மற்ற வேலையைப் பார்க்க வேண்டும் என்று அவள் சொன்னதை நான் மறக்கவில்லை.

11. சாலையோரம் அனுமதி இல்லாமல் கட்டியிருப்பதையெல்லாம் இந்த மாதக் கடைசிக்குள் எடுத்துவிடப்போவதாக நெடுஞ்சாலைத் துறையினர் வந்து சொல்லிவிட்டுப் போயிருக்கிறார்கள். வந்திருந்த இன்ஜினியர் தம்பி நல்ல மாதிரியாகப் பேசினார். தூரத்தில் ஒரு செல்போன் டவர் இருக்கிறது, அதன் விளக்கைத்தான் கையில் மினுங்குவதாக நினைக்கிறார்கள், நடுவில் வேப்பங்கிளை ஆடுவதால் மூடித் திறப்பதுபோல் இருக்கும், பூ இல்லாதபோது ஃபோகஸ் விளக்கின் கூச்சத்தில் அது தெரிந்திருக்காது என்றார். அப்படியும் இருக்கலாம். நான் படிக்காதவள், அவரோடு வழக்காட வரவில்லை. கையில் ஒன்றும் இல்லாமல் நின்ற இன்னொருவரைப் பற்றி அவரிடம் நான் சொல்லவில்லை.

12. ஆகவே ஐயா அவர்களைக் கேட்டுக்கொள்வது என்னவென்றால், பூவை எடுப்பதற்கு முன்னால் ஒரு நாள் அந்தியில், விளக்கு போட்ட பிறகு, இரண்டு பக்கமும் போலீசாரை நிறுத்தி வண்டிகளைத் தடுத்து, மதகின் மேல் ஒரு லாரியை இன்ஜின் அணைத்து நிறுத்தி, அதில் ஓட்டுபவர் இடத்தில் நான் உட்கார்ந்து பார்க்க உத்தரவிட வேண்டும். லாரி கொண்டுவர மணிவண்ணன் சம்மதித்திருக்கிறார். என் கணவர் பக்கத்தில் இருக்கட்டும். இன்ஜினியர் தம்பியும் வரட்டும். டவர் விளக்கு என்றால் அதையும் அவர் எனக்குக் காட்டட்டும். எவ்வளவு நேரம் என்று கேட்டால், ஒரு தடவை மூடித் திறக்கிற நேரம் போதும்.

அது முடிந்ததும் பூவைத் தாராளமாக எடுத்துக்கொள்ளலாம். ஆனால் எடுக்கிற அன்றே விளக்கைத் தரையைப் பார்க்கத் திருப்பி வைத்துவிட வேண்டும். பூவும் இல்லாமல் விளக்கும் நேரே பார்த்துக்கொண்டிருந்தால் அந்த வளைவில் இன்னொரு வீட்டுப் பிள்ளை போகும். விளக்கைத் திருப்பிவிட்டால் அந்தத் தளத்தில் வெளிச்சம் விழாது. வெளிச்சம் விழாவிட்டால் அங்கே நிற்பது யாராக இருந்தாலும் பிறகு யார் கண்ணுக்கும் தெரியாது. அது தெரிந்துதான் கேட்கிறேன். அதனால்தான் முதலில் என்னைப் பார்க்க விடுங்கள் என்கிறேன்.

காவல் நிலையத்தில் என்னைப் பற்றி எழுதியிருப்பதையும் அடித்துவிடச் சொல்ல வேண்டும். பூவைக் கழற்றிய பிறகு குப்பையில் போடாமல் என்னிடம் கொடுத்துவிட வேண்டும். பூதத்தோடு கொடுத்தாலும் சரி.

தங்கள் உத்தரவு வந்தால் எந்த நாள் அந்தியிலும் முக்காலி இல்லாமல் வந்து நிற்கத் தயாராக இருக்கும்,

ப. தனம்
(ஒப்பம்)

இடம்: விக்கிரமங்கலம்
நாள்: 16.02.2026

பூச்சி, தாளில் கொஞ்சம் இடம் மீதி இருக்கிறது. ஐயா கோபித்துக்கொள்ள மாட்டார், உன்னிடமும் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். கார்த்திகையில் அந்தத் தளத்தின் மேல் என் பக்கத்தில் நின்றது நீயா, இல்லை, அன்றைக்கு நீ அசையாமல் நிற்கச் சொல்லிவிட்டுப் போன நானா?